விண்வெளித் திகில் படங்களில் கதவுதான் எல்லாம்

கேள்வி இதுதான்: பேய் பங்களாவில் நடக்கும் கதையைத் தூக்கி விண்கலத்தில் வைத்தால் அது புதிய கதையாகிவிடுமா? விண்வெளியில் நடக்கும் அறிவியல் புனைகதைத் திகில் படங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தீவிரமான ரசிகர்கள் இருக்கிறார்கள்?

இடம் மாறும்போது பயத்தின் விதிகளே மாறிவிடுகின்றன என்பது என் பதில். அதை விளக்கச் சில படங்களின் முக்கியக் காட்சிகளையும் முடிவுகளையும் சொல்லியாக வேண்டும். இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், படங்களைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

பூமியில் எடுக்கப்படும் திகில் படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவலி உண்டு. "இவ்வளவு நடந்த பிறகும் அந்த வீட்டை விட்டு ஏன் ஓடவில்லை?" என்று பார்ப்பவர் கேட்பார். இயக்குநர் அதற்கு ஏதாவது சாக்குக் கண்டுபிடித்தாக வேண்டும். பாலம் உடையும், கார் கிளம்பாது, தொலைபேசி வேலை செய்யாது. விண்வெளியில் சாக்குத் தேட வேண்டியதே இல்லை. ஓடவிடாமல் தடுப்பது இயற்பியல். 1966இல் நாசாவின் வெற்றிட அறை ஒன்றில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உடைக்குக் காற்று கொண்டுவரும் குழாய் கழன்றுவிட்டது. உள்ளே இருந்தவர் சுமார் 14 வினாடிகளில் நினைவிழந்து சரிந்தார். உடனே அறையில் காற்றை நிரப்பியதால் பிழைத்தார். மயங்குவதற்கு முன் தன் நாக்கில் எச்சில் குமிழியிட்டுக் கொதித்ததை உணர்ந்ததாகப் பிறகு அவர் சொன்னார். அழுத்தம் போதாத இடத்தில் உடல் வெப்பத்திலேயே நீர் கொதிக்கும் என்று பாடத்தில் படித்திருப்போம். அதைத் தன் நாக்கிலேயே அறிந்தவர் அவர்.

அவரைக் காப்பாற்றப் பக்கத்திலேயே ஆட்கள் இருந்தார்கள். 1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 கலத்தில் திரும்பிக்கொண்டிருந்த மூன்று சோவியத் வீரர்களுக்கு அது வாய்க்கவில்லை. கலத்தின் பகுதிகள் பிரியும்போது ஒரு வால்வு திறந்துகொண்டு காற்றெல்லாம் வெளியேறியது. அவர்கள் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. கலம் எந்தச் சேதமும் இல்லாமல் தரையிறங்கியது. கதவைத் திறந்தபோது மூவரும் இறந்திருந்தார்கள்.

உதவி கேட்பதும் எளிதல்ல. செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே ஒரு வானொலிச் செய்தி போய்ச் சேரவே, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். நெப்டியூன் என்றால் சுமார் 4 மணி நேரம். "ஏலியன்" படத்தின் கப்பல் பூமியிலிருந்து பத்து மாதப் பயணத் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து யாரைக் கூப்பிடுவது?

இதெல்லாம் சேர்ந்துதான் விண்வெளித் திகில் படத்தின் உண்மையான நாயகனை உருவாக்குகிறது. என்னைப் பொறுத்தவரை அந்த நாயகன் கதவு. இந்த வகையில் நினைவில் நிற்கும் காட்சிகளை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரு கதவின் இரண்டு பக்கங்களில் நடப்பவை. உள்ளே இருப்பவர் திறக்க வேண்டுமா, கூடாதா?

1979இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய "ஏலியன்" படத்தில் அப்படி ஒரு காட்சி வருகிறது. என் கணக்கில், இந்த வகைப் படங்கள் முழுவதையும் தாங்கி நிற்பது அதுதான். நோஸ்ட்ரோமோ ஒரு சரக்குக் கப்பல். ஏழு பேர், ஒரு பூனை. அறிமுகமில்லாத கோளில் இறங்கிய மூவரில் கேன் என்பவரின் முகத்தில் ஏதோ ஒரு உயிரி ஒட்டிக்கொள்கிறது. கேப்டன் டாலஸும் லாம்பர்ட்டும் அவரைத் தூக்கிக்கொண்டு கப்பலின் ஏர்லாக்குக்கு வருகிறார்கள். ஏர்லாக் என்பது இரட்டைக் கதவு அறை. வெளிக்கதவு மூடி, காற்று நிரம்பிய பிறகே உட்கதவு திறக்கும். உள்ளே பொறுப்பில் இருப்பவர் ரிப்ளி. என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்கிறார். ஏதோ ஒரு உயிரி என்று பதில் வருகிறது. உள்ளே விட முடியாது, விதிப்படி 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்கிறார். அதற்குள் கேன் செத்துவிடுவார் என்று கேப்டன் கத்துகிறார். திற என்பது கேப்டனின் உத்தரவு. ரிப்ளி மறுக்கிறார். அந்த நேரத்தில் உட்கதவைத் திறந்துவிடுவது அறிவியல் அதிகாரி ஆஷ்.

முதல் முறை பார்க்கும்போது நம் மனம் யார் பக்கம் இருக்கிறது? வெளியே நிற்பவர்கள் பக்கம்தான். நண்பன் சாகக் கிடக்கிறான், இவள் விதி பேசுகிறாளே என்று தோன்றும். 2003இல் வெளியான இயக்குநர் பதிப்பில், உள்ளே வந்ததும் லாம்பர்ட் ரிப்ளியை அறைந்தேவிடுகிறார். அந்த அறை நம் சார்பில் விழுந்தது போலவே இருக்கும். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் வயிறு கலங்கும். சொன்னது அத்தனையும் சரி என்று தெரிந்த ஒரே ஆள் அந்த நேரத்தில் எவ்வளவு தனியாக இருந்தார் என்பது அப்போது புரியும். ஒரு விதியைக் கடைப்பிடித்திருந்தால் அந்தக் கப்பலில் பெரும்பாலோர் உயிரோடு வீடு திரும்பியிருப்பார்கள். 2020ஆம் ஆண்டைக் கடந்து வந்த பிறகு இந்தக் காட்சியைப் பார்ப்பவர்கள் ரிப்ளியை இன்னும் வேகமாகப் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

பேய் பங்களாவோடு ஒப்பிட வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. பேய்ப் படத்தில் நாம் "திறக்காதே, உள்ளே போகாதே" என்று கதாபாத்திரத்தைப் பார்த்து மனசுக்குள் கத்துகிறோம். நாம் சொல்வது சரி, அவர்கள் கேட்பதில்லை. விண்வெளித் திகில் படத்திலோ நாமே "கதவைத் திற" என்று கத்துகிறோம், நாம் சொல்வதுதான் தவறு. நம்முடைய இரக்கமே எல்லோரையும் கொல்லும் ஆயுதமாகிவிடுகிறது. வேறு எந்தத் திகில் படமும் பார்வையாளரை இப்படிக் குற்றத்தில் பங்காளியாக்குவதில்லை. இந்த வகையிடம் மீண்டும் மீண்டும் திரும்பி வர வைக்கும் ஈர்ப்பு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

2017இல் வந்த "லைஃப்" படத்தைப் பலர் "ஏலியன்" படத்தின் நகல் என்று தள்ளிவிட்டார்கள். அந்தப் படத்துக்கு அநியாயம் நடந்துவிட்டது. கதவு என்ற இந்த ஒரு விஷயத்தை அது கடைசிவரை கொண்டுபோகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் செவ்வாய் மண்ணிலிருந்து எழுப்பப்பட்ட உயிரி ஒன்று தப்பிக்கிறது. நிலையத்தின் தலைவி வெளியே இருக்கும்போது அந்த உயிரி அவருடைய உடையின் குளிரூட்டும் அமைப்பை உடைக்க, திரவம் தலைக்கவசத்துக்குள் நிரம்புகிறது. உள்ளே இருப்பவர்கள் அவரைக் காப்பாற்றக் கதவைத் திறக்கத் துடிக்கிறார்கள். திறந்தால் அதுவும் உள்ளே வந்துவிடும் என்பதால், மூழ்கிக்கொண்டிருக்கும் அவரே வெளியிலிருந்து கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறார். "ஏலியன்" காட்சி இங்கே தலைகீழாகிறது. மறுப்பவர் வெளியே இருக்கிறார்.

விண்வெளியில் ஒருவர் தலைக்கவசத்துக்குள் மூழ்குவது எழுத்தாளரின் அதீதக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2013 ஜூலை 16 அன்று இத்தாலிய வீரர் லூகா பர்மிட்டானோ விண்நடையில் இருந்தபோது, உடையின் குளிரூட்டும் அமைப்பிலிருந்த நீர் தலைக்கவசத்துக்குள் கசியத் தொடங்கியது. ஈர்ப்பு இல்லாததால் நீர் கீழே வடியாது. முகத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணையும் மூக்கையும் மூடும். உடையைத் திறந்து துடைக்கவும் முடியாது. அவர் தன் பாதுகாப்புக் கயிற்றைத் தடவிப் பிடித்தபடி ஏர்லாக்குக்குத் திரும்பினார். உள்ளே தேங்கியிருந்த நீர் ஒன்றரை லிட்டர் அளவு.

"லைஃப்" படத்தின் முடிவும் ஒரு கதவுதான். கடலில் விழுந்து மிதக்கும் கலத்தை மீனவர்கள் நெருங்குகிறார்கள். உள்ளே இருப்பவர் திறக்காதீர்கள் என்று அலறுகிறார். நல்ல மனத்தோடு உதவ வந்தவர்கள் திறந்துவிடுகிறார்கள். இதற்கும் நிஜத்தில் ஒரு முன்கதை உண்டு. 1969இல் அப்பல்லோ 11 திரும்பியபோது நிலவிலிருந்து நுண்ணுயிர் எதுவும் தொற்றியிருக்கலாம் என்ற அச்சத்தில் மூன்று வீரர்களையும் 21 நாள் தனிமைப்படுத்தினார்கள். அவர்களுக்கென்றே அடைபட்ட கூண்டு வண்டி, ஹூஸ்டனில் தனி ஆய்வகம் என்று ஏற்பாடுகள் பலமாக இருந்தன. ஆனால் பசிபிக் கடலில் மிதந்த கலத்தின் கதவு அதற்கு முன்பே, கடற்காற்றிலேயே திறக்கப்பட்டுவிட்டது. நிலவில் தொற்றுக்கிருமி இருந்திருந்தால் அந்த நொடியிலேயே வெளியே வந்திருக்கும். இல்லாததால் தப்பித்தோம். இந்தப் படங்களை எடுப்பவர்கள் வெறும் பூச்சாண்டி காட்டவில்லை, அரசுகளே உட்கார்ந்து யோசித்த பயத்தைத்தான் எடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஈர்ப்பு கண்ணுக்குத் தெரியாததைக் கருவி காட்டும் விதம். விண்கலத்தில் இருப்பவர்கள் உலகத்தைத் தம் கண்ணால் அறிவதைவிடத் திரையிலும் முள்ளிலும் எண்ணிலும்தான் அதிகம் அறிகிறார்கள். அதனால் இந்தப் படங்களில் மரணம் பெரும்பாலும் ஒரு எண்ணாகவோ கோடாகவோ வருகிறது. 1968இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த "2001" திகில் படம் அல்ல. ஆனால் அதில் வரும் ஒரு கொலைக்கு நிகரான திகில் காட்சி அபூர்வம். உறைதூக்கத்தில் இருக்கும் மூன்று விஞ்ஞானிகளை ஹால் என்ற கணினி கொல்கிறது. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. உயிர்க்குறிகளைக் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாகத் தட்டையாகின்றன. உயிர்ச்செயல்கள் அபாய நிலையில் என்று திரையில் எழுத்து மின்னுகிறது. பிறகு உயிர்ச்செயல்கள் முடிவுற்றன என்று வருகிறது. அவ்வளவுதான். அலுவலகக் குறிப்பு போல மூன்று உயிர் போகிறது.

"ஏலியன்" படத்தில் டாலஸ் காற்றுக்குழாய்களுக்குள் தவழ்ந்து போகும் காட்சியும் இப்படித்தான். லாம்பர்ட் கையில் இருக்கும் திரையில் அவர் ஒரு புள்ளி, அந்த உயிரி இன்னொரு புள்ளி. ஒன்று மற்றொன்றை நோக்கி நகர்கிறது. டாலஸுக்கு அது தெரியவில்லை. நமக்கும் லாம்பர்ட்டுக்கும் தெரிகிறது, எதுவும் செய்ய முடியவில்லை. ஜேம்ஸ் கேமரூன் 1986இல் எடுத்த "ஏலியன்ஸ்" இதை இன்னும் முறுக்கேற்றியது. அசைவைக் கண்டறியும் கருவி பீப் பீப் என்று ஒலிக்க, மீட்டர் கணக்கு குறைந்துகொண்டே வருகிறது. அந்தக் கணக்குப்படி அந்த உயிரிகள் இந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், ஆனால் அறையில் யாரும் இல்லை. கருவி பழுதா, கணக்குத் தவறா? கடைசியில் ஒருவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டில் எதுவும் தெரியாதபோதும் எண் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

வேற்றுயிரியைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை, ஏனென்றால் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். "ஏலியன்" உயிரி பிற உடலுக்குள் கருவை வைத்து, அந்த உடலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. இது பூமியில் இல்லாத அதிசயம் அல்ல. இக்நியூமோன் வகைக் குளவிகள் கம்பளிப்புழுக்களின் உயிருள்ள உடலுக்குள் முட்டையிடும். பொரியும் புழுக்கள் உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். கருணையுள்ள கடவுள் இதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என 1860இல் டார்வின் தன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் காட்சி இன்றும் தாங்க முடியாமல் இருப்பதற்கு அந்த உண்மை ஒரு காரணம். இன்னொன்று, படப்பிடிப்பில் என்ன வரப்போகிறது என்று நடிகர்களுக்குத் தெரிந்திருந்தாலும், எவ்வளவு ரத்தம் பீய்ச்சியடிக்கும் என்று சொல்லவில்லை. லாம்பர்ட்டாக நடித்த வெரோனிகா கார்ட்ரைட்டின் முகத்தில் தெரியும் அதிர்ச்சி நிஜம்.

அந்தப் படத்தில் உயிரியைவிட மோசமானது ஒன்று உண்டு. ஆட்களை இழந்தாலும் பரவாயில்லை, அந்த உயிரியைக் கொண்டுவா என்று நிறுவனம் கொடுத்த ரகசிய உத்தரவு. ஆஷ் கதவைத் திறந்ததும் அதற்காகத்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை. சம்பளப் பங்கு சரியாக வரவில்லை என்று சாப்பாட்டு மேசையில் முணுமுணுக்கும் தொழிலாளர்களைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவதால், அந்த உத்தரவு வெளிப்படும்போது கோபம்தான் முதலில் வருகிறது, பயம் பிறகுதான். வீரர்களையும் விஞ்ஞானிகளையும் விட்டுவிட்டு, கூலிக்கு வேலை செய்பவர்களை விண்வெளிக்கு அனுப்பியதால் அந்தப் படம் பழையதாகவில்லை.

உள்ளே வருவது உயிரியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் "சோலாரிஸ்" (1972) திகில் படம் என்று அழைக்கப்படுவதில்லை. ஆனால் இந்த வகையை நேசிக்கும் ஒருவர் அதைத் தவறவிடக் கூடாது. ஒரு கோளைச் சுற்றும் நிலையத்தில் கெல்வின் என்பவர் முன் இறந்துபோன அவர் மனைவி ஹாரி வந்து நிற்கிறாள். பயந்துபோய் அவளை ஒரு ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். மறுபடியும் வருகிறாள். ஒருமுறை கெல்வின் அவளை அறையில் விட்டு வெளியே செல்ல, அவரைப் பிரிந்திருக்கத் தாங்காமல் உலோகக் கதவையே கிழித்துக்கொண்டு வருகிறாள். உடலெல்லாம் ரத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காயங்கள் ஆறிவிடுகின்றன. உலக சினிமாவில் கதவைப் பற்றிய மிகத் துயரமான காட்சி இது என்பேன். வெளியே தள்ள நினைப்பது நம்முடைய குற்ற உணர்ச்சியையே என்றால், எந்தக் கதவு அதைத் தடுக்கும்?

அதே எண்ணத்தை 1997இல் "ஈவென்ட் ஹொரைசன்" நரகத்தின் மொழியில் சொன்னது. காணாமல் போன கப்பல் ஏழு ஆண்டுகளுக்குப் பின் நெப்டியூன் அருகே திரும்பி வருகிறது. தேடிப்போனவர்களின் பழைய காயங்களை அது கிளறுகிறது. வெளியானபோது வசூலில் தோற்று, பின்னாளில் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்ட படம். குறைகள் நிறையவே உண்டு. பல இடங்களில் நுட்பமாகச் செய்ய வேண்டியதைக் கூச்சலாகச் செய்கிறது. ஆனால் அதன் ஏர்லாக் காட்சி ஒன்றுக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். மயக்க நிலையில் உடையில்லாமல் ஏர்லாக்குக்குள் நுழைந்துவிட்ட இளம் பொறியாளர், வெளிக்கதவு திறக்கப் போகும் நேரத்தில் தெளிந்துவிடுகிறார். கதவை நிறுத்த முடியாது. வெளியே இருக்கும் கேப்டன் வானொலியில் சொல்கிறார்: உடலைச் சுருட்டிக்கொள், கண்ணை இறுக்கி மூடு, நுரையீரலில் இருக்கும் காற்றை முழுவதும் வெளியே விடு. உயிர் பிழைக்க மூச்சை இழுத்துப் பிடிக்கத்தான் உள்ளுணர்வு சொல்லும். அப்படிச் செய்தால் காற்று விரிந்து நுரையீரல் கிழியும். கேப்டன் சொன்னதுதான் சரியான அறிவியல். சரியான தகவல் பயத்தைக் குறைக்காமல் கூட்டும் என்பதற்கு அந்தக் காட்சியைப் பாடமாக வைக்கலாம்.

அறிவியல் சறுக்கும் இடங்களும் உண்டு. டேனி பாயில் இயக்கிய "சன்ஷைன்" (2007) படத்தில் கப்பலுக்குக் கப்பல் தாவும்போது ஒருவர் வெற்றிடத்தில் சட்டென்று உறைந்துபோகிறார். உண்மையில் வெற்றிடம் ஒரு காப்புச்சுவர் போன்றது. வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே வெளியேற முடியும் என்பதால் உடல் உறைய வெகுநேரம் ஆகும். இதற்காக அந்தப் படத்தைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆக்சிஜன் தரும் தோட்டம் எரிந்துபோன பிறகு, மிச்சமிருக்கும் காற்று எத்தனை பேருக்குப் போதும் என்று அவர்கள் கணக்குப் போடும் காட்சி அதில் இருக்கிறது. ஒருவர் குறைந்தால் மற்றவர்கள் இலக்கை அடையலாம் என்று கணக்கு சொல்கிறது. தங்களில் ஒருவரைக் கொல்லலாமா என்று வாக்கெடுப்பு நடக்கிறது. கத்தி எடுத்துத் துரத்துபவன் யாரும் தேவையில்லை, ஒரு வகுத்தல் கணக்கே போதும். அதனால்தான் கடைசிப் பகுதியில் நிஜமாகவே கத்தியோடு ஒருவன் துரத்த வரும்போது எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. கையில் இருந்த பெரிய பயத்தைக் கீழே போட்டுவிட்டுச் சின்ன பயத்தை எடுத்துக்கொண்ட மாதிரி.

எங்கிருந்து தொடங்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் பார்க்க முடியாதவர்கள் "2001", அதன் பிறகு "சோலாரிஸ்" என்று போகலாம். இரண்டும் மெதுவான படங்கள், அவசரப்பட வேண்டாம். மற்றவர்கள் 1979ஆம் ஆண்டின் "ஏலியன்" படத்திலிருந்து தொடங்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஒலியை நன்றாகக் கேட்கும்படி வைத்துப் பாருங்கள். அதன் பயத்தில் பாதி இயந்திரங்களின் முனகலிலும் நீர் சொட்டும் ஓசையிலும் இருக்கிறது. பிறகு "ஏலியன்ஸ்", "லைஃப்", "சன்ஷைன்". "ஈவென்ட் ஹொரைசன்" கடைசியில் இருக்கட்டும், அதில் வன்முறை அதிகம். சிறுவர்களோடு சேர்ந்து பார்க்கும் படம் அது அல்ல.